வாரம் ஒன்றா, நாளுக்கு இரண்டா?



தக்காளி நாற்றை வயலில் நட்ட கையோடு ஒரு தண்ணீர் விடுவார்கள். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பறிக்கும்போது அறுந்த வேருக்குப் பதில் புதுவேர் விடத் தொடங்கும் நேரம் அது; அன்றைக்குத் தவறவிட்டால் நாற்று தேறுவது கஷ்டம். அதற்கப்புறம் வாரம் ஒரு தண்ணீர், மண்ணையும் வெயிலையும் பார்த்து ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே. காய்கறி போடுகிற எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளைப் புரட்டினாலும் இதுதான் இருக்கும்.

நம் வீட்டு மொட்டை மாடியில் நடப்பது வேறு. காலையில் காபி டம்ளரோடு ஏறும்போது ஒரு தடவை, சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்கப் போகும்போது ஒரு தடவை. நடுவில் தாத்தா தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊற்றியிருப்பார். அது யாருக்கும் தெரியாது. அதே தக்காளிதான். வயலில் வாரம் ஒன்று, மாடியில் நாளுக்கு இரண்டு, இரண்டரை. யார் செய்வது சரி?

கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் பிறக்கிறது. அதற்குள் இந்தக் கேள்விக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்றுதான் இந்த மாதப் பக்கத்தைத் தண்ணீருக்கு ஒதுக்கினேன்.

ஒரு சின்னக் கணக்கு. பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது, பயப்பட வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் ஊர்க் கோடையில் மண்ணிலிருந்து ஆவியாகியும் இலை வழியாக வெளியேறியும் ஒரு நாளில் போகிற தண்ணீர் சுமார் ஐந்து, ஆறு மில்லிமீட்டர். மார்கழியில் அது மூன்று, நான்குக்கு இறங்கிவிடும். இது செலவு. வரவைப் பார்ப்போம். வண்டல் கலந்த நல்ல தோட்ட மண், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் தண்ணீரைச் செடி உறிஞ்சத் தக்கதாகப் பிடித்து வைத்திருக்கும். தக்காளியின் வேர் அரை மீட்டர் இறங்கியிருந்தால் அதற்கு எட்டுவது 75. அந்த 75-இல் பாதி தீர்ந்ததுமே செடி திணற ஆரம்பிக்கும் என்பதால், தாராளமாகச் செலவழிக்கக் கிடைப்பது 37 சொச்சம். நாளுக்கு ஐந்தரை வீதம் போனால் ஏழாம் நாள் தீரும். எந்தக் கணக்கும் போடாமலே சம்சாரி சொன்ன வாரக் கெடு இங்கேதான் வந்து நிற்கிறது.

மணற்பாங்கான ஊர்களில் இதே கணக்கு மூன்று, நான்கு நாளில் முடிந்துபோகும்; மணல் பிடித்து வைப்பது அதில் பாதிதான். செம்மண்ணும் சீக்கிரம் வடியும். கரிசல் நிறையப் பிடிக்கும், ஆனால் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. காய்ந்து வெடிப்பு விட்ட கரிசலில் ஊற்றினால் முதல் குடம் முழுக்க வெடிப்புக்குள் இறங்கி மறைந்துவிடும், வேருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து மாடிக்கு வருவோம். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை வாங்கியவர்களுக்குத் தெரியும்: பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மாதிரிப் பை ஒன்றில் 15 லிட்டர் கலவை நிரப்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செடிக்குப் பயன்படுவதாக அதில் நிற்கும் தண்ணீர் மூன்று, மிஞ்சினால் நான்கு லிட்டர். காய்த்துக் குலுங்கும் தக்காளிச் செடி ஒன்று கோடையில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை குடிக்கும். பாதி இருப்பு ஒரே நாளில் காலி. வயலில் அரை மீட்டர் இறங்கி, அக்கம்பக்கத்தையும் துழாவித் தேடிக்கொள்ளும் வேர், பைக்குள் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே மே மாதத்தில் பைச்செடிக்குத் தினமும் ஊற்றுகிறவர் செய்வது தப்பே இல்லை. சில நாள் இரண்டு வேளைகூட வேண்டியிருக்கும்.

ஆனால் அதே பையில், அதே தக்காளி நாலு இலை விட்ட நாற்றாக இருக்கும்போது? ஐப்பசியில் நான்கு நாள் மூடம் போட்டிருக்கும்போது? அப்போதும் இரண்டு வேளை ஊற்றுவோம், பழகிவிட்டது. காலை ஆறரை மணிக்குக் கை தானாகக் குழாயைத் திறக்கும். கோடையில் பிடித்த அந்தக் கணக்கை மழைக்காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதில்தான் பாதிச் செடிகள் போய்ச் சேருகின்றன. வாசகர்கள் வீடுகளில் நான் பார்த்த வரையில், தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீர் தாங்காமல் செத்தவையே அதிகம்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் உள்ள சந்துகளில் காற்று இருந்தால்தான் வேர் வேலை செய்யும். அந்தச் சந்தெல்லாம் நாள் கணக்கில் தண்ணீரால் நிறைந்து கிடந்தால் வேர் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால் நனைந்த மண்ணில் நிற்கிற செடி வாடுகிறது, இலை மஞ்சளாகிறது. நாம் என்ன செய்வோம்? "ஐயோ, வாடுதே" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். குறைந்தாலும் வாடல், மிஞ்சினாலும் வாடல். இலையை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. நாற்றுத் தட்டில் இன்னும் மோசம். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று சாயங்காலம் தண்டின் அடியில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். அதைக் கொண்டுவரும் பூசணத்துக்கு ஈரம் நிற்கிற மண்தான் பிடித்தமான இடம்.

பகல் இரண்டு மணிக்குப் பூசணி, சுரை, பீர்க்கை இலைகள் தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. அகல இலைக்காரர்கள் அப்படித்தான். இலை வழியே போகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் துவளும். சூரியன் இறங்கியதும் தானாக நிமிரும். காலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் அது வேறு சமாசாரம், அப்போது பாருங்கள்.

எதைப் பார்ப்பது? மண்ணைத்தான். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விடுங்கள். தென்னை நார்க் கலவையாக இருந்தால் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதன் மேல்பரப்பு அரை நாளில் காய்ந்து வெளுத்துவிடும். ஒரு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர்ந்தால் புட்டு மாவுப் பதம். இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பிடிக்கவே பிடிபடாமல் உதிர்ந்தால் ஊற்றுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல வழிதான். நன்றாக ஊற்றி வடிந்த பிறகு ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். மண் தொட்டியை விரல் மடக்கித் தட்டினால், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். கருவிதான் வேண்டும் என்பவர்களுக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இருக்கிறது. கம்பியை மண்ணில் செருகினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். கரும்பு விவசாயிகளை மனத்தில் வைத்துச் செய்தது. நம் நாலு பைக்கு விரலே போதும்.

ஊற்றுவதென்று முடிவு செய்தால் முழுதாக ஊற்றுங்கள். மேலாக நனைத்துவிட்டு நகர்வது ஊற்றாமல் இருப்பதைவிட மோசம். வேர் ஈரத்தைத் தேடி மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு நாள் ஊற்ற மறந்தால் முதலில் காய்வதும் மேல்மண்தான். பை என்றால் அடித்துளையில் கொஞ்சம் வடிகிற வரை. தரையில் பாத்தி என்றால் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டிக் காம்பால் குத்திப் பாருங்கள், ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: அடியோடு காய்ந்துவிட்ட பையில் ஊற்றியவுடன் தண்ணீர் கீழே ஓடி வந்தால், 'நிறைந்துவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். சுருங்கிய கலவைக்கும் பைக்கும் நடுவில் விழுந்த இடைவெளி வழியாக ஓடியிருக்கும். கொஞ்சம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும்.

செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. கீரைக்கு வேர் மேலாகத்தான் இருக்கும். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரைப் பாத்திகளில் மேல்மண் காயவே கூடாது, கோடையில் தினமும் பூவாளியால் தெளிக்க வேண்டும். குழாயை நேராகத் திருப்பினால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்து அங்கே மட்டும் காடாக முளைக்கும். கொத்தவரையும் அவரையும் பிடித்துக்கொண்ட பிறகு வறட்சியை ஓரளவு தாங்கும். முருங்கைக்குத் தண்ணீர் மிஞ்சினால் தழைத்துக்கொண்டே போகும், பூ பிடிக்காது. வெண்டையும் மிளகாயும் நடுவாந்தரம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிட்டால் மிளகாய் பூவைக் கொட்டிவிடும்.

தக்காளிக்குத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் குழிந்துபோகிறது என்று எழுதாத வாசகர் குறைவு. பூச்சி இல்லை, கிருமியும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யும். இலை தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் வருவதையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்குப் பங்கு கிடைக்காது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லி ஆளாளுக்குச் சொல்கிறார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஓடு மக்கிச் செடிக்குச் சேர்வதற்குள் இந்தத் தக்காளியின் காலமே முடிந்துவிடும். பலருடைய மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது ஒரே சீரான ஈரம். பழம் வெடிப்பதும் இதே கதைதான். காயப்போட்டு, பிறகு குடம் குடமாக ஊற்றினால் உள்ளே சதை பெருக்கிற வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் பிளந்துவிடுகிறது.

நேரம் எது என்றால், விடியற்காலை. வெயில் ஏறுவதற்குள் வேர் குடித்துத் தயாராக இருக்கும். சாயங்காலமும் பாதகமில்லை, இலையை நனைக்காமல் தூரில் விடுவதாக இருந்தால். இரவு முழுக்க இலை ஈரமாகக் கிடந்தால் இலைப்புள்ளியும் அடிச்சாம்பலும் தேடி வரும். உச்சி வெயிலில் இலைமேல் நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்து இலையைப் பொசுக்கிவிடும் என்று நம் வீட்டில் எல்லோரும் நம்புகிறோம். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: வழவழப்பான இலையில் துளியால் பொசுங்கல் ஏற்படவில்லை, மயிரடர்ந்த இலையில் துளி மேலே தூக்கி நிறுத்தப்படும்போதுதான் அதற்கு வாய்ப்பு. உச்சி வெயிலில் ஊற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. மாடித் தொட்டியிலும் வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயிலும் அந்த நேரத்தில் இருப்பது வெந்நீர்! முதலில் வரும் தண்ணீரைப் புறங்கையில் பிடித்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

சென்னை வாசகர்களுக்கு 2019 கோடை மறந்திருக்காது. குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. குடிக்கவே லாரிக்குக் காத்திருந்த நாட்களில் செடிக்கு ஊற்றுவது குற்றம் மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுத் தண்ணீரையே திருப்பி விடுவது ஒன்றும் புதிதில்லை. பழைய வீடுகளில் துவைகல் தண்ணீர் போகிற வாய்க்காலில்தான் வாழையும் சேம்பும் நிற்கும். இன்றைய சலவைத்தூள் நுரையைப் பையில் வளரும் கீரைக்கு விடாதீர்கள். பெரிய கொல்லையும் வாழையும் இருந்தால் மட்டும் அங்கே விடலாம். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் தாராளமாக. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டுவது உப்பே இல்லாத நல்ல தண்ணீர், வாளி வைத்துப் பிடியுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுவது நேர்மாறு: நீங்கள் குடிக்காமல் விட்ட உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. அதை அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் பையின் ஓரத்தில் வெள்ளைப் படலம் பூக்கும், இலை நுனி கருகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களிலும் இதேதான். மழை பெய்யும் நாளில் பைகளைத் திறந்தவெளியில் நகர்த்தி வைத்து அடித்துளை வழியே நன்றாக வடியவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும்.

மழை என்றதும் ஒன்று. சாயங்காலம் பத்து நிமிடம் தூறினால், 'இன்றைக்கு ஊற்ற வேண்டாம்' என்று உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு மில்லிமீட்டர் தூறல் மேல்மண்ணை நனைத்ததோடு சரி. அடர்ந்த கத்தரிச் செடிக்குக் கீழே உள்ள பை அதையும் பார்த்திருக்காது. இலைகள் எல்லாவற்றையும் வெளியே வழித்துவிட்டிருக்கும்.

ஊற்றும் தடவையைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மூடாக்கு போடுங்கள். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன விஷயம்தான். சருகு, வைக்கோல், உரித்த தேங்காய் நார், கரும்புச் சோகை எதுவானாலும் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பினால், வெயில் நேராக மண்ணில் விழாது. தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். தரையில் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு என் முழு சிபாரிசு பானைப் பாசனத்துக்கு. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்து, சுற்றிலும் பாகலோ பூசணியோ ஊன்றுவது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது: குழி நடுவில் பானை, சுற்றி நான்கு கொடி விதைகள், மேலே ஓட்டு மூடி. இதன் அழகு என்னவென்றால், மண் காய்ந்திருந்தால் பானையிலிருந்து வேகமாக இழுக்கும், ஈரமாக இருந்தால் கசிவு மெதுவாகிவிடும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்வியை நாம் யோசிக்கவே வேண்டாம். பானையில் குறைந்திருந்தால் நிரப்பினால் போதும். உப்புத் தண்ணீரானால் நாளடைவில் பானையின் நுண்துளை அடைபடும், அப்போது மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக, இந்த மாதத்துக்கே உரிய சங்கடம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போக வேண்டும், செடி? புறப்படும் முன்பு மேற்கு வெயில் படாத இடமாகப் பார்த்துப் பைகளை நெருக்கி வையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் உத்தமம். முற்றிய காயெல்லாம் பறித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு என்றால், ஒரு வாளித் தண்ணீரைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரித்த திரியின் ஒரு முனையை வாளியின் அடியிலும் மறு முனையைப் பை மண்ணுக்குள்ளும் விட்டால் போதும். போவதற்கு முந்தைய வாரமே வைத்துப் பாருங்கள், சில துணி இழுக்காது.

அதற்கு மேல் நாளானால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அவரிடம் "கொஞ்சம் தண்ணி ஊத்துங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இன்னொருவர் செடி நம் பொறுப்பில் காய்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவர் வேளைக்கு வேளை குடம் குடமாக ஊற்றுவார். தினமும் வேண்டியவற்றை ஒரு பக்கமாகவும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் என்பவற்றை மறுபக்கமாகவும் பிரித்து வைத்து, நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அளவுக்கு ஒரு சொம்பையும் அங்கேயே வைத்துவிடுங்கள். அவர் வேலை சுலபமாகும். காய்க்கிறதைப் பறித்துக்கொள்ளச் சொல்லவும் மறக்காதீர்கள். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். நீங்கள் போவது திருநெல்வேலிப் பக்கமாக இருந்தால் என்ன வாங்கி வர வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்